மூலை வெட்டிய கவர்

நேற்று நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் வீடு மாற இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதற்குள் தபாலாபீசில் விலாச மாற்று மனு கொடுத்துவிட்டேன். எனக்கு எழுதக்கூடிய பதினான்கு பேருக்கும் கார்டு போட்டுவிட்டேன். இப்போதைய வீட்டுக்காரரிடம், "என் பெயருக்கு வரும் எதையும் நீங்கள் வாங்கி வைக்க வேண்டாம், தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்" என்று சொல்லி, அதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். "கட்டில் எந்த வண்டியில் போகிறதென்று இவளுக்குத் தெரியாது, கடிதம் எந்த வழியில் போகிறதென்று மட்டும் தெரியும்" என்றாள் உங்களில் ஒருத்தி. உண்மைதான். கட்டில் தொலைந்தால் தரையில் படுத்துக்கொள்ளலாம்.

தந்தி இயந்திரத்தின் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளியும் கோடும் பழகியவர்கள் நாம். ஒருவர் தவறை ஒருவர் திருத்தியவர்கள். ஆகவே இதை எழுதுகிறேன். என் பட்டியலைச் சுருக்கிக்கொள்வதற்காக அல்ல. அது இன்னும் நீளும்.

எனக்குப் பதினொரு வயது. என் அப்பா சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். கொல்லிமலையில் குளிர்காய்ச்சல் அதிகம் என்று மேலே ஒரு சின்ன மருந்துக்கூடம் திறந்து, அப்பாவை அங்கே மாற்றினார்கள். மாசி முடிவில் கிளம்பினோம். பஸ்ஸில் பாதி தூரம், கட்டை வண்டியில் மலையடிவாரத்துக் காரவள்ளி வரை, அங்கிருந்து நடை. எங்கள் சாமான்கள் ஏழு பேர் தலையில் ஏறின. நான் ஒரு சிலேட்டில் எழுதி வைத்தேன்: குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா புட்டிகள் இருந்த பெட்டி, அம்மாவின் இரும்புச் சட்டிகள், இரண்டு ஜமுக்காளம், அரிக்கேன் விளக்கு. விளக்கின் கண்ணாடி வழியிலேயே உடைந்தது. தையல் மிஷினின் மூடியை யாரோ எங்கோ இறக்கி வைத்து அதோடு மறந்துவிட்டார்கள். இவை தொலைந்ததை எல்லோரும் பேசினார்கள். வேறு ஒன்று தொலையப் போவதை யாரும் கவனிக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் நான் ஒரு பரீட்சை எழுதியிருந்தேன். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம், விடுதியோடு. வருஷத்துக்கு ஆறு பெண்களை இலவசமாக எடுப்பார்கள். தேர்வானால் வீட்டு விலாசத்துக்குக் கடிதம் வரும், குறித்த நாளுக்குள் சம்மதம் எழுதாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று என் டீச்சர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுக்கு மேல் வகுப்பு இல்லை. மலையில் பள்ளிக்கூடமே இல்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு கதவு.

"அப்பா, வீடு மாறிட்டோம்னு திருச்சிக்கு ஒரு கார்டு போடோணுங்க" என்றேன்.

"அதெதுக்குத் தனியா? எல்லாக் கடுதாசிக்கும் நான் ஏற்பாடு பண்ணியாச்சு" என்றார்.

அவருடைய ஏற்பாடு இது. தபாலாபீசில் விசாரித்ததற்கு, மலைமேல் பட்டுவாடா கிடையாது, மாற்றி அனுப்பினாலும் அடிவாரத்துத் தபாலாபீசில்தான் கிடக்கும், நீங்களே வந்து கேட்டு வாங்க வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார், அப்பாவின் சிநேகிதர். எங்களுக்கு வரும் தபாலை எல்லாம் அவர் வாங்கி, வாரம் ஒருமுறை கட்டாகக் கட்டி, பஸ்காரரிடம் கொடுப்பார். அது கை மாறிக் காரவள்ளி மளிகைக் கடைக்கு வரும். சந்தைக்கு இறங்கும் மலைக்காரர் ஒருவர் கடையிலிருந்து எடுத்து வந்து எங்களிடம் கொடுப்பார். "தபாலாபீசைக் காட்டியும் நம்ம ஏற்பாடு கெட்டி" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ஒரு கடிதம் நான்கு கை மாறுகிறது. அந்த நான்கு பேரில் ஒருவருக்கும் அது போய்ச் சேர்வது வேலை அல்ல, உபகாரம். பதினொரு வயதில் எனக்கு இதை இப்படிச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எதுவோ சரியில்லை என்று மட்டும் பட்டது.

கடிதம் கொண்டு வந்த மலைக்காரரை ஊரில் சுமைக்காரர் என்றுதான் சொல்வார்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன். பலாப்பழம், தேன், சாமை என்று இறக்கிக்கொண்டு போய், உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு வருவார். இடுப்பில் ஒரு பெரிய சுரைக்குடுக்கை தொங்கும். முன்பு தேன் வைத்திருந்த குடுக்கை. கடிதங்களைச் சுருட்டி அதற்குள் போட்டு, தேக்கிலையால் வாயை அடைத்துக்கொள்வார். மழை எப்படிப் பெய்தாலும் ஒரு எழுத்தும் கலையாது. எங்கள் வீட்டுக்கு வந்த கார்டுகள் எல்லாம் கொஞ்சம் தித்திப்பாக மணக்கும், எறும்பும் வரும்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் பார்த்தே வகை சொல்வார். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி. அதை வீட்டுப் பெண்கள் கையில் வலது கையால் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுத்தான் போவார். மூலை கிழிந்திருந்தால் சாவுச் சேதி. அதை ஊருக்குள் கொண்டுவர மாட்டார். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்து, உரியவர்களை அழைத்துப்போய்க் காட்டுவார். அவர்கள் அங்கேயே யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லி, கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். மஞ்சளும் இல்லாமல் கிழிசலும் இல்லாமல் வந்தால், "இது வெறும் பேச்சுங்க" என்று சொல்லிக் கொடுப்பார். அவருடைய முறையில் எனக்கு நல்ல மரியாதை இருந்தது. தபாலாபீசில் பிரிப்பதைவிடத் தெளிவாகப் பிரித்தார்.

பங்குனி போயிற்று. எங்களுக்கு வந்ததெல்லாம் கார்டு. அம்மாவின் அப்பாவிடமிருந்து ஒன்று; அவரை நான் அப்புச்சி என்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு. சித்திரை பிறந்தும் திருச்சியிலிருந்து எதுவும் இல்லை.

"வராதுன்னு தெரிஞ்சு போச்சல்லோ. உடு கண்ணு. மருந்துக் கணக்குல தேதி எழுதிட்டு எங்கூடவே இரு" என்றார் அப்பா. அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது வருத்தம் என்று அன்று நினைத்தேன். நிம்மதி என்று இப்போது தெரிகிறது. மகளைத் தூரத்தில் விடுவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யும் சங்கடம் இல்லாமல் போயிற்று. வராத கடிதம் அவருக்காக அந்த முடிவைச் செய்துவிட்டது.

அந்த ஊர் மாரியம்மன் திருவிழா, நோம்பி என்பார்கள், சித்திரையில் வந்தது. காப்புக் கட்டினால் பதினைந்து நாள். அந்த நாட்களில் ஊரில் இருப்பவர் யாரும் எல்லைக்கு வெளியே ராத் தங்கக் கூடாது. சாவுத் தீட்டு உள்ளே வரக் கூடாது; வந்தால் தீட்டுப்பட்ட வீட்டார் நோம்பி முடியும்வரை எல்லைக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள்தான் கடைசிச் சந்தை. அன்று சாயங்காலம் சுமைக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். எப்போதும் உள்ளே வந்து உட்காருகிறவர், வாசலிலேயே நின்றார்.

"இந்த வாரம் ஒண்ணுமில்லீங்க."

"மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றாள் அம்மா.

"வேண்டாமுங்க. ஏனுங்க அம்மிணி, ஊருல உங்கப்பாரு நல்லா இருக்கறாருங்களா?"

"நல்லாத்தான் இருக்கறாரு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை ஈரமாக இருந்தது. அன்று மழை இல்லை. இரண்டையும் பார்த்தேன். பார்த்தும் கோர்க்கவில்லை. இதற்காக என்னை நானே மன்னிக்கவில்லை, வயது பதினொன்று என்றாலும்.

அடுத்த ஒன்பது நாளும் அவர் எங்களிடம் காட்டிய பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருநாள் பலாச்சுளை, ஒருநாள் சுட்ட குச்சிக்கிழங்கு. அம்மாவைப் பார்த்தால் கண் கலங்கும், பேச்சை மாற்றுவார். பத்தாம் நாள் காலையில் மாவிளக்குக்கு மாவு இடிப்பதைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பக்கத்தில் குடுக்கை மாட்டும் முளை வெறுமையாக இருந்தது.

"மாமா, குடுக்கை எங்கீங்க?"

"அது ஒடைஞ்சு போச்சு கண்ணு."

"ஓடு எங்கீங்க?"

"என்ன ஓடு?"

"ஒடைஞ்ச ஓடு. குடுங்க, சொப்பு வெச்சு வெளையாடறேன்."

உலக்கையை நிறுத்திவிட்டு அவர் மனைவி சிரித்தாள். "மாட்டுனாரு பாரு! ஒடையவுமில்லை, ஒண்ணுமில்லை சாமி. குடுக்கை எங்கன்னு நான் கேட்டாச் சீறி உழுவறாரு. பத்து நாளாச் சோறு எறங்காமத் திரியறாரு இந்த மனுசன்."

அவர் என்னைத் தனியே கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். குந்தி உட்கார்ந்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துச் சொன்னார்.

"உங்கம்மாகிட்டச் சொல்லாத கண்ணு. மூலை போன கடுதாசி ஒண்ணு வந்திருக்குது உங்கூட்டுக்கு. காப்புக் கட்டற நேரத்துல அதைக் காட்டுனா உங்களைத் தூக்கி எல்லைக்கு வெளியில வெப்பாங்க. உங்கம்மா இப்பத்தான் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சிருக்குது. நோம்பி முடியட்டும்னு குடுக்கையோட கீழ பாறைச் சந்துல வெச்சிட்டு வந்துட்டேன்."

 அப்புச்சியின் முகம் வந்தது. அப்புறம், ஏனோ, அவர் சொன்ன பொருளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"கார்டுங்களா, கவருங்களா?"

"கவருதான். ஒட்டியிருந்துச்சு."

"சாவுச் சேதியைக் கவருக்குள்ள ஒட்டி அனுப்புவாங்களா மாமா? நீங்க கொண்டாந்த சாவுக் கடுதாசியில ஒண்ணாச்சும் கவரா?"

அவர் யோசித்தார். விரலை மடக்கினார். "இல்லை சாமி. அல்லாம் கார்டுதான்."

"மூலையைக் கையில கிழிச்சிருந்துதுங்களா, வெட்டியிருந்துதுங்களா?"

"வெட்டுத்தான். தையக்காரன் வெட்டுனாப்பல நேரா."

"எழவு உழுந்த ஊட்டுல ஆராச்சும் கத்திரி தேடிட்டு இருப்பாங்களா?"

அவர் மடக்கிய விரலையே பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. தப்பு செய்துவிட்டோமோ என்ற பயம், பெரியவர்களின் முகத்தில் நான் முதன்முதலாகப் பார்த்தது அதுதான்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா கொய்னாத் தண்ணீரைப் புட்டிகளில் ஊற்றி, காகிதத்தில் அளவுக்கோடு வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரிடமும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"இன்னும் அஞ்சாறு நாளு. அதுக்குள்ள என்ன குடி முழுகிப் போவுது?" என்றார் அப்பா.

"திருச்சிக் கடுதாசியா இருந்தா?"

"அது ஏன் மூலை இல்லாம வருது? பேசாத இரு. நோம்பிக்குள்ள நாம ஏதாச்சும் பண்ணுனா நாளைக்கு இந்தக் கூடத்துல மருந்து குடிக்க ஒருத்தன் வரமாட்டான். ஒரு வருசம் அலைஞ்சு சம்பாரிச்ச நம்பிக்கை."

"வந்து ரெண்டு மாசந்தானுங்க ஆச்சு" என்றேன். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. "எங்கப்பன் செத்திருந்தா எனக்குத் தெரியோணும். சாகலீன்னா அதுவும் எனக்குத் தெரியோணும். ஆறு நாளு என்னால இந்தச் சாமையைப் புடைச்சுட்டு உக்கார முடியாது. வா கண்ணு."

எல்லைக்கல் ஊருக்குக் கீழே அரை மைல். பாதைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள், காய்ந்து கசப்பு வாசனை அடித்தது. சுமைக்காரர் தோரணத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு கையை நீட்டிப் பாறையைக் காட்டினார். அம்மாவும் நின்றாள். அது சாவுச் சேதியாக இருந்தால், அதைப் படித்துவிட்ட நான் நோம்பி முடியும்வரை ஊருக்குள் வரமாட்டேன், காரவள்ளிக் கடைக்காரர் வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தோரணத்துக்கு அடியில் குனிந்து போனேன். நான் குனியத் தேவையில்லை, அவ்வளவு உயரம் அன்று எனக்கு இல்லை. ஆனாலும் குனிந்தேன்.

பாறைச் சந்தில் குடுக்கை இருந்தது. தேக்கிலை கறுத்திருந்தது. உள்ளே ஒரே ஒரு கவர். வலது மேல் மூலை, விரலகலம், கத்திரியால் வெட்டப்பட்டிருந்தது. அந்த இடத்தில் இருக்க வேண்டியது எது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸ்டாம்பு. குமாஸ்தா ஸ்டாம்பு சேர்ப்பவர். எங்களுக்கு அதுவரை வந்த கார்டுகளில் ஸ்டாம்பு அச்சாகவே இருந்ததால் அவருக்கு வேலை இல்லாமல் இருந்தது. இதில் புதிதாக வந்த ராஜா தலை ஸ்டாம்பு ஒட்டியிருந்திருக்கும். நீராவி காட்டி உரிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் மூலையோடு கத்தரித்துக்கொண்டு, மிச்சத்தை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்.

பிரித்தேன். எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆறு பேரில் என் பெயர் மூன்றாவது. "இக்கடிதத்தில் கண்ட தேதியிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் எங்களை வந்தடைய வேண்டும்."

கடிதத்தில் கண்ட தேதி கடிதத்தில் இல்லை. தேதி எழுதும் இடம் தாளின் வலது மேல் மூலை. மடித்த கடிதத்தையும் சேர்த்தே கத்திரி தின்றிருந்தது. கீழ் மடிப்பிலும் பல் விழுந்தமாதிரி ஒரு பள்ளம்.

தோரணத்துக்கு அந்தப் பக்கம் அதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. அப்பாவும் வந்துவிட்டார். ஊர்க்கவுண்டரும் வந்திருந்தார்; காப்புக் கட்டிய கையை மார்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, அப்புச்சிக்கு ஒண்ணுமில்லை! பள்ளிக்கூடத்துக் கடுதாசி!" என்று கத்தினேன். அம்மா தோரணக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். சுமைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடிதத்தை அங்கிருந்தே உரக்கப் படித்தேன், தேதி இல்லாததையும் சொன்னேன்.

"வந்து பத்து நாளுக்கு மேல ஆச்சு. தேதியும் இல்லை. முடிஞ்சிருக்கும். உட்டுட்டு மேல வா" என்றார் அப்பா.

"தேதி இல்லீன்னா முடிஞ்சுதுன்னும் இல்லீங்க" என்றேன்.

கவரைத் திருப்பினேன். நமக்கெல்லாம் இன்று இது பாடம். அன்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பின்பக்கத்தில் எங்கள் பழைய ஊர்த் தபாலாபீசு முத்திரை இருந்தது, வட்டமாக, கறுப்பாக, குமாஸ்தாவுக்குத் தேவைப்படாததால் முழுசாக. வந்து சேர்ந்த நாள் இருபத்து நாலு. திருச்சியிலிருந்து ஒரு நாள் என்றால் எழுதியது இருபத்து மூன்று. எழுதி வைத்து மறுநாள் தபாலில் போட்டிருந்தால் இருபத்து இரண்டு. பதினைந்து நாள் கூட்டினேன். முதல் கணக்கில் நாளை முடிகிறது. இரண்டாவது கணக்கில் இன்று. அன்று என்ன தேதி என்று எனக்குச் சந்தேகமே இல்லை, மருந்துப் பதிவேட்டில் தினமும் எழுதுகிறவள் நான்தான்.

"இன்னைக்கே தந்தி குடுத்தா ஆச்சு" என்றேன். "நான் எறங்கறேன்."

 தந்தியாபீஸ் எங்கள் பழைய ஊரில். இறங்கிப் போனால் அன்று திரும்பி ஏற முடியாது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஊர்க்கவுண்டர் கோபப்படவில்லை. சட்டத்தைப் படித்துக் காட்டுகிறவர்போல நிதானமாகச் சொன்னார்.

"பொழுது உழுகறதுக்குள்ள திரும்புனா ஒண்ணுமில்லை கண்ணு. வெளிய ராத் தங்குனா, நோம்பி முடியற வரைக்கும் உள்ள வரப்படாது. வந்தா நாங்க மறுக்காக் காப்புக் கட்டோணும்."

"வரலீங்க" என்றேன்.

"பதினோரு வயசுப் புள்ளை தனியாவா போவுது?" என்று யாரோ கேட்டார்கள்.

அம்மா தோரணத்தைத் தாண்டினாள். அவ்வளவுதான், ஓர் அடி. எனக்குப் பக்கத்தில் வந்து நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீ எங்க போற?" என்றார் அப்பா.

"புள்ளை கூட. அஞ்சாறு நாள் எங்கப்பனூட்டுல இருந்துட்டு வாரோம். மாவு பானையில இருக்குது."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "இவங்க முன்னால என்னைய இப்பிடி வெச்சுட்டுப் போறீங்களே. இனி ஆரு வருவா மருந்துக்கு?"

அவர் தாழ்த்தியது போதவில்லை. ஊர்க்கவுண்டர் காதில் விழுந்துவிட்டது. "ஏனுங்க மருந்தய்யா, காய்ச்சலுக்கு நோம்பி தெரியுமுங்களா? உங்கூட்டுக்காரம்மா வெளிய போனா எங்க பசங்களுக்குக் குளிரு நின்னு போயிருமாக்கும்?" கூட்டத்தில் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றவர் அப்பா மட்டும்தான்.

மறுநாள் காலை மருந்துக்கூடத்தில் எப்போதையும்விட ஏழு பேர் அதிகமாக வந்திருந்தார்கள் என்று பிற்பாடு பதிவேட்டில் பார்த்தேன். தேதியை அப்பாவே எழுதியிருந்தார். நோம்பி முடிந்து நாங்கள் திரும்பியபோது மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்து உள்ளே விட்டார்கள், அதோடு சரி. அப்பா அந்த மக்களைப் பற்றி வைத்திருந்த பயம் முழுக்க அவர் சொந்தமாகச் செய்துகொண்டது.

சுமைக்காரர் எங்களோடு எல்லையிலிருந்து கொஞ்ச தூரம் இறங்கி வந்தார், பொழுதோடு திரும்பிவிடலாம் என்று. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்: "உங்களுக்கு நல்லது நெனச்சுத்தான் பண்ணுனேன் சாமி." எனக்குத் தெரியும். அன்றும் தெரியும், இன்றும் தெரியும். அதனால்தான் இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அவர் நல்லவர், குமாஸ்தா அப்பாவின் உயிர்ச் சிநேகிதர், கடைக்காரர் நேர்மையானவர், அப்பாவுக்கு என்மேல் உயிர். இத்தனை அன்புக்கும் நடுவில் என் கடிதம் பத்து நாள் பாறைச் சந்தில் கிடந்தது. எனக்கு வரும் கடிதத்தை அன்பில்லாத ஒரு தபால்காரர், சம்பளத்துக்காக, முத்திரை குத்தி, பெயரைப் படித்து என் கையில் கொடுத்தால் போதும். உங்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரிந்தால் தெரியட்டும்.

குமாஸ்தாவை அப்புறம் ஒருமுறை பார்த்தேன். நடந்ததை அம்மா சொன்னாள். அவர் வருத்தப்பட்டார். உள்ளே போய் ஆல்பத்தைக் கொண்டுவந்து அந்த ஸ்டாம்பைக் காட்டினார். முத்திரை அதன் ஓரத்தில் அழகாக, வில்போல விழுந்திருந்தது. "எவ்வளவு சுத்தமா வந்திருக்குது பாரு கண்ணு" என்றார். நான் தேதியைப் படித்தேன். இருபத்து மூன்று. "இது என்னுதுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஆல்பத்தை மூடினார். நான் கேட்டது வேடிக்கைக்கு என்று நினைத்துவிட்டார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

ஆனால் அன்று, இறங்கிய அன்று, அந்த வீட்டு வழியாகப் போனபோது அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. காரவள்ளியில் வண்டி, அப்புறம் பஸ். பிற்பகல் மூன்று மணிக்குத் தந்தியாபீசில் இருந்தோம். எங்கள் கால்களில் செம்மண். உள்ளே மர மேஜைமேல் ஏதோ ஒன்று விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரர் படிவத்தை நீட்டினார். நான் எழுதினேன்: சம்மதம், கடிதம் தாமதம், இடத்தைக் காக்கவும். மூன்று வார்த்தையைக் குறைத்து மறுபடி எழுதினேன்.

"அனுப்பறது ஆரு? உங்கூட்டுக்காரர் கையெழுத்து எங்கம்மா?"

"பெத்தவங்க சம்மதம்னுதான் போட்டிருக்குது" என்றாள் அம்மா. "நானும் பெத்தவதானுங்க." பேனாவை வாங்கி, எழுத்துக்கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்தப் பெயர் தாளில் வந்தது அன்றுதான் என்று பின்னால் சொன்னாள்.

அவர் படிவத்தைப் பார்த்தார். "பதில் வந்தா எந்த விலாசத்துக்குங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் யோசித்தேன். பழைய வீட்டு விலாசம் கொடுத்தால் குமாஸ்தா வாங்குவார். மலை விலாசம் கொடுத்தால் காரவள்ளியோடு நிற்கும், அதற்கு மேல் நோம்பி. அப்புச்சி ஊருக்குத் தந்திச் சேவகன் வாரத்துக்கு ஒருநாள்தான் போவான்.

"இங்கியே குடுங்க" என்றேன்.

"இங்கேன்னா?"

"அந்த பெஞ்சுல. நாங்க அங்கதான் இருப்போம்."

"பதில் நாளைக்குக்கூட வரும் கண்ணு. ஆபீஸ் பூட்டிருவோம்."

"நீங்க பூட்டறப்ப எந்திரிக்கறோம். தெறக்கறப்ப வந்து உக்காருவோம்."

அவர் கண்ணாடிக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார், நான் சொன்னதைப் பெரியவர்கள் யாராவது மாற்றிச் சொல்வார்கள் என்று. அம்மா அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவை மையில் தோய்த்து, விலாசத்துக்கான இடத்தில் எழுதினார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து தலைகீழாகவே படித்தேன்: ஆபீசில் காத்திருக்கிறார். சரியாக இருந்தது.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு ஜன்னலிலிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பாவுடையது அல்ல, அம்மாவுடையதும் அல்ல. பெஞ்சிலிருந்து எழுந்து போய், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, 'இடம் உண்டு' என்ற பதிலை நானே வாங்கினேன்.